ஓலையும் ஒப்பமும்: உடனடிச் செய்திகளில் வரும் மோசடிகளை அறிதல்

சாங்கி விமான நிலையத்தில் வந்திறங்கும் ஒருவர், தாம் இன்னார் என்பதை மெய்ப்பித்த பின்னரே இந்நாட்டினுள் அடியெடுத்து வைக்க இயலும். முன்பு அதிகாரி கடப்பிதழைப் புரட்டிப் பார்த்தார். இன்று முகத்தையும் கருவிழியையும் கருவி ஒப்புநோக்குகிறது. 2024ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதிக்குள் அந்நிலையத்தின் நான்கு முனையங்களிலும் சிங்கப்பூர்வாசிகள் கடப்பிதழை நீட்டாமலே கடந்து செல்லும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்துவிட்டது. பிறர் பெயரில் ஒருவர் உள்நுழைவது அத்துணை அரிது.

அதே பயணி, பெட்டிகள் சுழன்று வரும் இடத்தில் நின்றவாறு தம் கைத்தொலைபேசியை இயக்குகிறார். விமானத்தில் இருந்த நான்கு மணி நேரத்தில் தேங்கிய செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்கின்றன. மகள் அனுப்பியது ஒன்று. கோயில் தொண்டர் குழுவிலிருந்து வந்தவை சில. வங்கியின் பெயரில் ஒன்று. வீட்டில் இருந்தபடியே நாள்தோறும் முந்நூறு வெள்ளி ஈட்டலாம் என்று அறியாத எண்ணிலிருந்து வந்த அழைப்பு ஒன்று. இவற்றுள் எதுவும் கடப்பிதழ் காட்டவில்லை. ஒரு பெயரும் ஒரு சிறு படமுமே அவற்றின் அடையாளம். அப்பெயரையும் படத்தையும் எவரும் சூட்டிக்கொள்ளலாம்.

சாங்கியின் பெயரையே சூட்டிக்கொண்டவர்களும் உண்டு. உரிமை கோரப்படாத பயணப்பெட்டிகளை விமான நிலையம் மலிவாக விற்பதாகச் சமூக ஊடகங்களில் போலி விளம்பரங்கள் உலவின. இந்நாட்டிற்கு வருவோர் இணையவழி நிரப்பவேண்டிய வருகை அட்டைக்குக் கட்டணமே கிடையாது. ஆயினும் அதற்குக் கட்டணம் கேட்கும் தளங்கள் இருக்கின்றன. குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையம் இது குறித்து மக்களை எச்சரித்துள்ளது.

2023ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் 46,563 மோசடிச் சம்பவங்கள் பதிவாயின; இழப்பு 65 கோடி வெள்ளியைக் கடந்தது. 2024ஆம் ஆண்டில் சம்பவங்கள் 51,501 ஆயின. இழப்போ குறைந்தது 110 கோடி வெள்ளி. இவற்றுட் பெரும்பாலானவற்றில் பணத்தை அனுப்பியவர்கள் பாதிக்கப்பட்டவர்களே. எவரும் பூட்டை உடைக்கவில்லை. சொற்களைக் கேட்டு நம்பியவரே கதவைத் திறந்துவிட்டார். சொற்களால் நிகழும் களவு ஆதலின், மொழியைப் பேணுவோர் இதனைப் பேசுவது பொருத்தமே. வாட்ஸ்அப், டெலிகிராம் முதலிய உடனடிச் செய்திக் கணக்குகளின் வழியே இக்களவு நிகழும் முறையையும், அதனைத் தடுக்கச் சட்டமும் நாமும் செய்யத்தக்கவற்றையும் இங்கு விளக்க முற்படுகிறோம்.

சொல்லும் பொருளும்

முதற்கண் இருவகைச் செய்திகளைப் பிரித்தறிதல் வேண்டும். கேளாமலே திரள்திரளாக வந்து குவியும் விளம்பரங்கள் ஒருவகை. கணினித் தமிழார் சிலர் இதனை ‘எரிதம்’ என்பர். நாம் எளிமை கருதி ‘வேண்டாச் செய்தி’ என்போம். நம்பத்தக்க ஒருவரின் வேடம் பூண்டு, நம்மிடமிருந்து கடவுச்சொல்லையோ குறியீட்டையோ பணத்தையோ கவர வரும் செய்தி மற்றொரு வகை. இரையைக் காட்டி மீனை ஈர்க்கும் செயலை ஒத்தமையால் இதனைத் ‘தூண்டில் மோசடி’ என்பது பொருந்தும்.

இரண்டுமே நாம் எண்ணுவதை விடப் பழையவை. 1978ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்கக் கணினி நிறுவனம் ஒன்றின் விற்பனையாளர், இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். அதுவே முதல் வேண்டாச் செய்தி என்று கருதப்படுகிறது. தூண்டில் மோசடி 1990களின் இடைப்பகுதியில் அமெரிக்கா ஆன்லைன் என்னும் சேவையில் தழைத்தது. அது மின்னஞ்சலுக்கு மட்டும் உரிய நோயாக ஒருபோதும் இருந்ததில்லை என்பது கருதத்தக்கது. அச்சேவையின் உடனடிச் செய்தி வசதியிலேயே, பணியாளர் போல நடித்தவர்கள் ‘உங்கள் கணக்கைச் சரிபார்க்க வேண்டும், கடவுச்சொல்லை அனுப்புங்கள்’ என்று கேட்டனர். எம் பணியாளர் எவரும் கடவுச்சொல்லைக் கேட்கமாட்டார் என்ற எச்சரிக்கையை நிறுவனம் செய்திப் பெட்டியிலேயே பொறிக்க நேர்ந்தது. முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் அதே வேடமும் அதே எச்சரிக்கையும் நம்மிடையே உலவுகின்றன.

வேண்டாச் செய்தி நம் பொழுதைத் தின்கிறது. தூண்டில் மோசடி நம் பொருளைத் தின்கிறது. ஆயினும் முன்னது பின்னதற்கு வழியமைத்துக் கொடுப்பதும் உண்டு. நாம் கேளாமல் ஒரு குழுவில் சேர்க்கப்படுகிறோம். அங்கே சிலர் முதலீட்டில் ஈட்டிய இலாபத்தைப் பாராட்டிப் பேசிக்கொள்கின்றனர். அவருள் பெரும்பாலோர் ஒரே மோசடிக் கூட்டத்தின் பல முகமூடிகளாக இருக்கலாம். விளம்பரமாகத் தொடங்கியது தூண்டிலாக முடிகிறது.

கணக்கு கைமாறும் முறை

ஒரு காட்சியை எண்ணிப் பார்ப்போம். தங்கையின் மகன் பெயரிலிருந்து ஒரு மூதாட்டிக்குச் செய்தி வருகிறது: “பெரியம்மா, என் கைப்பேசி பழுதாகிவிட்டது. தவறுதலாக உங்கள் எண்ணுக்கு ஆறு இலக்கக் குறியீடு ஒன்று வந்திருக்கும். அதைக் கொஞ்சம் அனுப்புங்களேன்.” மறுநொடி குறுஞ்செய்தியாக ஆறு இலக்கங்கள் வந்தும் விடுகின்றன. பெரியம்மா அன்போடு அவற்றை அனுப்புகிறார். சற்று நேரத்தில் அவருடைய வாட்ஸ்அப் அவர் கையை விட்டுப் போய்விடுகிறது.

நிகழ்ந்தது இதுதான். வாட்ஸ்அப் கணக்கு ஒருவரின் தொலைபேசி எண்ணோடு பிணைக்கப்பட்டது. புதிய கருவியில் அக்கணக்கைத் திறக்க முனைவோர் அவ்வெண்ணைப் பதிகின்றனர். நிறுவனம் அவ்வெண்ணுக்கு ஆறு இலக்கக் குறியீட்டை அனுப்புகிறது. அக்குறியீட்டை உள்ளிடுபவரே கணக்கின் உரிமையாளர் என்று கருவி கொள்கிறது. களவாடியவர் மூதாட்டியின் எண்ணைப் பதிந்துவிட்டுத்தான் அச்செய்தியை அனுப்பினார். குறியீடு தவறுதலாக வரவில்லை. மூதாட்டியின் வீட்டுச் சாவியாகவே வந்தது. அச்செய்தியை அனுப்பிய மகனின் கணக்கும் அதற்கு முன்னரே இவ்வாறு பறிபோயிருக்கும். இனி மூதாட்டியின் பெயரால் கோயில் குழுவுக்கும், தொகுதித் தோழியருக்கும், தஞ்சாவூரில் உள்ள தம்பிக்கும் ‘அவசரமாக ஐந்நூறு வெள்ளி வேண்டும்’ என்ற செய்தி செல்லும். ஒவ்வொரு கணக்கும் அடுத்த கணக்கிற்கு ஏணியாகிறது.

மற்றொரு வழியும் உண்டு. வாட்ஸ்அப்பைக் கணினியில் பயன்படுத்துவோர், திரையில் தோன்றும் சதுரக் குறியீட்டைக் கைத்தொலைபேசியால் வருடி இணைக்கின்றனர். தேடுபொறியில் அத்தளத்தைத் தேடுவோரைப் போலித் தளம் ஒன்றுக்கு ஈர்த்து, அங்குள்ள குறியீட்டை வருடச் செய்வர் மோசடியாளர். வருடியவுடன் களவாடியவரின் கணினி அக்கணக்கோடு இணைந்துவிடும். 2023ஆம் ஆண்டு நவம்பரில் சிங்கப்பூர்க் காவல்துறை இது குறித்து எச்சரித்தது. இம்முறை கூடுதல் கேடானது. கணக்கு உரியவரிடமும் தொடர்ந்து இயங்குவதால் அவருக்கு ஐயம் எழுவதில்லை. அண்மைய உரையாடல்களும் இணைந்த கருவிக்குச் சென்றுவிடும். யார் யாரை எவ்வாறு அழைப்பர், யாருக்கு யார் கடன்பட்டவர், எவர் வீட்டில் திருமணம் என்பனவெல்லாம் களவாடியவருக்குத் தெரிந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன்வரை மொழியே நமக்குக் காவலாக இருந்தது. பொறியால் பெயர்க்கப்பட்ட தமிழ் தன்னைத் தானே காட்டிக்கொடுத்தது. பெரியம்மாவை ‘ஆன்ட்டி’ என்று விளித்தவுடனே அனுப்பியவர் அயலார் என்பது புலனாயிற்று. உறவுமுறைச் சொற்களை இத்துணை நுட்பமாகப் பாகுபடுத்தி வைத்திருக்கும் மொழியில் வேடதாரி தடுக்கி விழுவது எளிது. ஆனால் இக்காவல் இன்று தளர்ந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பிழையற்ற தமிழை எழுதுகின்றன. குரலையும் முகத்தையும் போலச் செய்கின்றன. 2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் சிங்கப்பூரில் உள்ள பன்னாட்டு நிறுவனம் ஒன்றின் நிதி இயக்குநருக்கு, நிறுவனத்தின் தலைமை நிதி அதிகாரி என்ற பெயரில் வாட்ஸ்அப் செய்தி வந்தது. தொடர்ந்து நடந்த காணொளிச் சந்திப்பில் தோன்றிய மேலதிகாரிகளின் முகங்கள் போலியாகப் புனையப்பட்டவை. அவற்றை நம்பி 499,000 அமெரிக்க டாலருக்கு மேல் அனுப்பப்பட்டது. எழுத்துப் பிழையைக் கொண்டோ, முகத்தைக் கண்டோ, குரலைக் கேட்டோ மெய்யை அறியலாம் என்ற நம்பிக்கை இனி உதவாது.

வெண்ணெய்நல்லூர் அவை காட்டிய வழி

அங்ஙனமாயின் எதைக்கொண்டு அறிவது? இவ்வினா நம் முன்னோர்க்கும் எழுந்தது. சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், நம்பியாரூரரின் திருமணப் பந்தலுக்கு முதியவர் ஒருவர் வருகிறார். ஆரூரர் தமக்கு வழிவழி அடிமை என்றும், அவருடைய பாட்டனார் எழுதிக்கொடுத்த ஓலை தம்மிடம் இருக்கிறது என்றும் வழக்கிடுகிறார். ஆரூரர் அவ்வோலையைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படியோலையே என்றும் மூலவோலை தம்மிடம் உண்டு என்றும் முதியவர் உரைக்க, வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது.

அவையினர் செய்ததே நமக்குப் பாடம். முதியவர் நீட்டிய ஓலையை மட்டும் நோக்கி அவர்கள் முடிவு கூறவில்லை. அவருடைய தோற்றத்தையோ முதுமையையோ சான்றாகக் கொள்ளவும் இல்லை. அப்பாட்டனார் எழுதியதாக முன்பே காப்பில் இருந்த வேறோர் ஓலையை வரவழைத்து, இரண்டின் எழுத்தையும் ஒப்புநோக்கினர். எழுத்து ஒத்திருந்தது, தீர்ப்பு வழங்கப்பட்டது. ஓலையின் மெய்ம்மைக்கு அந்த ஓலையே சான்றாகாது. சான்று வேறிடத்திலிருந்து வரவேண்டும் என்பதே அவர்கள் கைக்கொண்ட நெறி.

உடனடிச் செய்திக்கும் இந்நெறி அப்படியே பொருந்தும். வந்த செய்தியில் உள்ள இணைப்பைத் தட்டி வங்கியைச் சென்றடைவது, ஓலை கொணர்ந்தவரிடமே ஓலை மெய்யா என்று கேட்பதாகும். ஐயமுற்று, அதே கணக்கிற்கு ‘நீதானா?’ என்று மறுமொழி எழுதுவதும் அத்தகையதே; களவாடியவர் ‘ஆம், நான்தான்’ என்பார். செய்தியில் குறிக்கப்பட்ட எண்ணை அழைப்பதும் வேறன்று. நம் காப்பில் முன்பே இருக்கும் ஓலையை நாம் நாடவேண்டும். தங்கை மகனின் எண்ணை அவ்வுரையாடலிலிருந்து எடுக்காமல் தொலைபேசியில் முன்பே பதிந்து வைத்த எண்ணை வழக்கமான தொலைபேசி வழியாக அழைக்கலாம். அவன் தாயை அழைத்துக் கேட்கலாம். வங்கியெனில் வங்கி அட்டையின் பின்புறம் அச்சிடப்பட்ட எண்ணை அழைக்கலாம். அரசாங்க அமைப்பெனில் அதன் இணையத்தளத்தை நாமே தட்டச்சு செய்து திறக்கலாம்.

அக்கதையில் இன்னொன்றும் உண்டு. முதியவரின் ஓலை இறுதியில் மெய்யான ஓலையே. ஆயினும் அவையினர் அதனைச் சோதித்தனர். முதியவரும் சோதனைக்கு உடன்பட்டார். மெய்யான ஓலைக்குச் சோதனை இழுக்காகாது. உறவினரை ஐயுறுவது பண்பற்ற செயல் என்ற எண்ணம் நம்மவரிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. ‘பிள்ளை கேட்கிறான், நீதானா என்று எப்படிக் கேட்பது?’ என்ற தயக்கமே மோசடியாளரின் முதலீடு. உண்மையிலேயே இக்கட்டில் இருக்கும் தங்கை மகன், பெரியம்மா ஒருமுறை அழைத்துக் கேட்டதற்காக மனம் நோகமாட்டான். ‘யாரிடமும் சொல்லாதீர்கள், அழைக்காதீர்கள், இப்போதே அனுப்புங்கள்’ என்று எவர் வற்புறுத்துகிறாரோ, அவரே சோதனைக்கு அஞ்சுபவர்.

சட்டமும் அதன் எல்லையும்

அரசாங்கமும் இந்நெறியையே படிப்படியாகக் கைக்கொண்டு வந்திருப்பதைக் காணலாம். 2007ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த வேண்டாச் செய்திக் கட்டுப்பாட்டுச் சட்டம் முதலில் மின்னஞ்சலையும் கைத்தொலைபேசிக்கு வரும் குறுஞ்செய்திகளையுமே கருதியது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 1 முதல் உடனடிச் செய்திக் கணக்குகளுக்குத் திரளாக அனுப்பப்படும் விளம்பரங்களும் அதன் வரம்பிற்குள் வந்தன. 24 மணி நேரத்தில் 100க்கு மேல், 30 நாளில் 1,000க்கு மேல், அல்லது ஓராண்டில் 10,000க்கு மேல் ஒரே பொருள்பற்றிச் செய்தி அனுப்பினால் அது திரளான அனுப்புகை எனப்படும். கேளாதவர்க்கு அவ்வாறு அனுப்புவோர் அது விளம்பரம் என்று குறிப்பிடவேண்டும்; விலகிக்கொள்ளும் வழியைத் தரவேண்டும்; விலக விரும்புவோர்க்குப் பத்து வேலை நாள்களுக்குள் அனுப்புவதை நிறுத்தவேண்டும். மீறினால் பாதிக்கப்பட்டவர் உரிமையியல் வழக்குத் தொடுக்கலாம். இதனோடு, 2014 ஜனவரி முதல் இயங்கும் ‘அழைக்க வேண்டாம்’ பதிவேட்டில் நம் எண்ணைப் பதிந்துகொள்ளலாம். நேர்மையான வணிகர்க்கு இவை வேலியாகும். மோசடியாளர் சட்டத்தைப் படித்துவிட்டுச் செய்தி அனுப்புவதில்லை.

தூண்டில் மோசடியின் கொடுமையை இந்நாடு நேரிற் கண்டது 2021ஆம் ஆண்டு டிசம்பரில். ஓசிபிசி வங்கியின் பெயரைத் தாங்கிய போலிக் குறுஞ்செய்திகள், அவ்வங்கி முன்பு அனுப்பிய மெய்யான செய்திகள் இருந்த அதே வரிசையில் வந்து அமர்ந்தன. அனுப்புநர் பெயர் ஒன்றாக இருந்தால் கைத்தொலைபேசி அவற்றை ஒன்றாக அடுக்கிவிடும். பழைய மெய்யோலைகளின் நடுவே பொய்யோலை செருகப்பட்டாற்போல் ஆயிற்று. ஏறத்தாழ 790 வாடிக்கையாளர்கள் 1 கோடியே 37 இலட்சம் வெள்ளியை இழந்தனர். வங்கி பின்னர் நல்லெண்ண அடிப்படையில் அத்தொகையை ஈடுசெய்தது.

அதன் பின்னர் வங்கிகள் தம் தனிநபர் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் குறுஞ்செய்திகளிலும் மின்னஞ்சல்களிலும் தட்டக்கூடிய இணைப்புகளை நீக்கவேண்டும் என்று 2022 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. 2023 ஜனவரி 31 முதல், பெயரைத் தாங்கிக் குறுஞ்செய்தி அனுப்பும் அமைப்புகள் பதிவேட்டில் பதிந்துகொள்வது கட்டாயமாயிற்று. பதியாத பெயர்கள் மோசடியாக இருக்கக்கூடும் என்ற குறிப்போடு தோன்றலாயின. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் அரசாங்க அமைப்புகளின் குறுஞ்செய்திகள் ‘கவ்.எஸ்ஜி’ என்ற ஒரே பெயரில் வருகின்றன.

ஆனால் இப்பதிவேடு குறுஞ்செய்திக்கு உரியது. இணையவழிச் செய்திகளை அது ஆளவில்லை. ஐமெசேஜ், கூகல் மெசேஜஸ் ஆகியவற்றின் இணையவழிச் செய்திகள் குறுஞ்செய்தி தோன்றும் அதே இடத்தில் தோன்றுவதால், அங்கே ‘கவ்.எஸ்ஜி’ என்று எவரேனும் பெயர் சூட்டிக்கொண்டால் வேறுபாடு தெரிவதில்லை. 2025 நவம்பரில் உள்துறை அமைச்சு ஆப்பிள், கூகல் நிறுவனங்களுக்கு இணையக் குற்றத் தீங்குகள் சட்டத்தின்கீழ் உத்தரவிட்டு, இவ்வாறான போலிப் பெயர்களைத் தடுக்கப் பணித்தது. ஒரு வாயிலை அடைத்தால் மோசடியாளர் அடுத்த வாயிலை நாடுவர் என்பதற்கு இது சான்று.

வாட்ஸ்அப்பில் இச்சிக்கல் இன்னும் நுட்பமானது. அங்குச் செய்திகள் அனுப்புநரும் பெறுநரும் மட்டுமே படிக்கும்படி மறையாக்கம் செய்யப்படுகின்றன. நம் அந்தரங்கத்தைக் காக்கும் அதே மறையாக்கம், மின்னஞ்சலைச் சலித்தெடுப்பது போல் செய்தியின் உள்ளடக்கத்தை நிறுவனம் சலிப்பதற்கும் இடந்தருவதில்லை. ஆதலின் பயனாளர் தரும் புகாரே பெருந்துணை. ஒரு கணக்கைப் பற்றி நாம் புகார் செய்தால் அதன் கடைசி ஐந்து செய்திகள் நிறுவனத்திற்குச் செல்லும். வெறுமனே அழித்துவிடுவோர் தம்மைக் காத்துக்கொள்கின்றனர். புகார் செய்வோர் பிறரையும் காக்கின்றனர்.

மறுமுனையில் இருப்போர்

செய்தியை அனுப்புபவர் யார் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 100,000 பேரும் இணைய மோசடி வேலைகளில் கட்டாயமாக ஈடுபடுத்தப்பட்டிருக்கக்கூடும் என்று ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் தெரிவித்தது. அவர்களுள் தமிழரும் இருந்தனர். தாய்லாந்தில் கணினி வேலை என்ற விளம்பரத்தை நம்பிச் சென்று, மியன்மாரின் மியாவடி வட்டாரத்தில் அடைத்து வைக்கப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் சிலர் 2022ஆம் ஆண்டு மீட்கப்பட்டுச் சென்னை திரும்பினர். நம் பெரியம்மாவுக்கு வந்த இனிய தமிழ்ச் செய்தியை எழுதியவரும் ஒருகால் தூண்டிலில் சிக்கிய மற்றொருவராக இருக்கக்கூடும்.

நம்மிடையேயும் ஒரு கண்ணி உண்டு. களவாடிய பணம் சிங்கப்பூரை விட்டு வெளியேற, இங்குள்ள ஒருவரின் வங்கிக் கணக்கு தேவைப்படுகிறது. ‘உங்கள் கணக்கைச் சில நாள் இரவல் தாருங்கள், நூறு இருநூறு வெள்ளி தருகிறோம்’ என்ற செய்தி, வேலை தேடும் மாணவர்க்கும் தங்குவிடுதிகளில் வாழும் வெளிநாட்டு ஊழியர்க்கும் வருகிறது. ஊர் திரும்பும் தறுவாயில், சாங்கிக்குப் புறப்படுமுன், இனித் தேவைப்படாத சிம் அட்டையையும் வங்கி அட்டையையும் விற்றுவிட்டுப் போகலாம் என்று தூண்டுவோரும் உளர். சிங்பாஸ் விவரங்களைப் பிறர்க்குக் கொடுப்பதும், தம் பெயரில் பதிந்த சிம் அட்டையை மோசடிக்கு உதவும்படி விற்பதும் குற்றங்கள் என்று 2024, 2025ஆம் ஆண்டுகளில் சட்டங்கள் இறுக்கப்பட்டுள்ளன. சில நூறு வெள்ளிக்காக ஓர் இளைஞரின் வேலையும் எதிர்காலமும் அழிவதை அவருடைய மொழியில் எடுத்துரைப்பது, அவர் அருகே வாழும் நம் கடமை.

நாம் செய்யத்தக்கவை

கருவியில் செய்யத்தக்கன சிலவே. ஒரு மாலைப் பொழுதில் வீட்டிலுள்ள முதியவரோடு அமர்ந்து அனைத்தையும் செய்துவிடலாம். வாட்ஸ்அப் அமைப்புகளில் ‘இருபடிச் சரிபார்ப்பு’ என்பதை இயக்கி, ஆறு இலக்கத் தனி எண் ஒன்றை அமைக்கவேண்டும். குறியீடு பறிபோனாலும் இவ்வெண் இல்லாமல் கணக்கைத் திறப்பது அரிது. டெலிகிராமிலும் இதற்கு நிகரான கடவுச்சொல் ஏற்பாடு உண்டு. ‘இணைக்கப்பட்ட கருவிகள்’ என்ற பகுதியை அவ்வப்போது திறந்து, அறியாத கணினி ஏதேனும் இருந்தால் உடனே வெளியேற்றவேண்டும். நம்மைக் குழுக்களில் சேர்க்கும் உரிமையை நம் தொடர்புப் பட்டியலில் உள்ளோர்க்கு மட்டும் அளிக்கவேண்டும். செயலிகளை அதிகாரபூர்வக் கடைகளிலிருந்து மட்டுமே இறக்கவேண்டும். செய்தியோடு வரும் செயலிக் கோப்பை ஒருபோதும் நிறுவலாகாது.

ஐயத்திற்குரிய எண்ணையும் இணைப்பையும் சரிபார்க்க ஸ்கேம்ஷீல்டு செயலி இருக்கிறது. 1799 என்ற உதவி எண்ணை எந்நேரமும் அழைத்து, இது மோசடியா என்று கேட்கலாம். அரசாங்க அதிகாரி எவரும் தொலைபேசியில் பணம் அனுப்பச் சொல்லவோ வங்கிக் கடவுச்சொல்லைக் கேட்கவோ மாட்டார் என்பதை வீட்டார் அனைவரும் நெஞ்சிற் பதித்தல் வேண்டும்.

கணக்கு பறிபோய்விட்டால் செய்யவேண்டியதைக் காலத்தாழ்வின்றிச் செய்யவேண்டும். நம் எண்ணை வாட்ஸ்அப்பில் மீண்டும் பதிந்து, புதிதாக வரும் குறியீட்டை உள்ளிட்டால் களவாடியவர் வெளியேற்றப்படுவார். அவர் தாமே ஓர் இருபடி எண்ணை அமைத்திருந்தால் நாம் ஏழு நாள் காத்திருக்க நேரலாம். எனினும் அவருடைய நுழைவு அற்றுப்போகும். அதே வேளையில் உறவினரையும் குழுக்களையும் தொலைபேசியில் அழைத்து எச்சரிக்க வேண்டும். பணம் போயிருந்தால் முதலில் வங்கியையும் அடுத்துக் காவல்துறையையும் நாடவேண்டும். முன்னர்க் கூறிய நிதி இயக்குநர் வழக்கில், விரைந்து தெரிவித்தமையால் மோசடித் தடுப்பு நிலையம் ஹாங்காங் காவல்துறையின் துணையோடு பணத்தை மீட்க முடிந்தது. ஒரு நாள் பொறுத்திருந்தால் அது பல கணக்குகளுக்குச் சிதறிப் போயிருக்கும்.

சொல்லத் துணிதல்

தேசியக் குற்றத் தடுப்பு மன்றம் வகுத்த மூன்று சொற்களை நம் மொழியில் ‘சேர், சரிபார், சொல்’ எனலாம். பாதுகாப்பு அம்சங்களைச் சேர்ப்பதும், ஐயத்தைச் சரிபார்ப்பதும், நேர்ந்ததைப் பிறரிடம் சொல்வதும் அவை. இம்மூன்றில் முதலிரண்டும் கருவியைப் பொறுத்தவை, பயின்றால் வந்துவிடும். மூன்றாவதே கடினமானது.

ஏனெனில் ஏமாந்தவர் நாணுகிறார். நாற்பது ஆண்டு உழைத்துச் சேர்த்ததை ஒரு மணி நேரத்தில் இழந்த முதியவர், மகன் என்ன சொல்வான் என்றே முதலில் அஞ்சுகிறார். அவ்வச்சத்தால் ஓரிரவு கடந்துவிடுகிறது. அவ்வோரிரவே மோசடியாளர்க்குப் போதுமானது. இன்னும் சிலர், எவர் எடுத்துரைத்தும் தாம் ஏமாற்றப்படுவதை நம்ப மறுக்கின்றனர். அத்தகையோரின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் வெளியேறுவதைக் காவல்துறை குறிப்பிட்ட காலத்திற்குத் தடுத்து வைக்க வழிசெய்யும் சட்டம் 2025 ஜனவரியில் நிறைவேறி, ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. சட்டமே குறுக்கிட நேர்ந்தது என்றால், வீட்டினுள் பேச்சு எத்துணைத் தளர்ந்துவிட்டது என்பதை அது காட்டுகிறது.

பேச்சுக்குச் சொற்கள் வேண்டும். பேரப்பிள்ளைகள் இவற்றை ஆங்கிலத்தில் அறிவர். பாட்டிக்கு அச்சொற்கள் எட்டுவதில்லை. எட்டாததால் வினவுவதும் இல்லை. ‘தூண்டில்’ என்று சொன்னால் பாட்டிக்கு விளங்கும். ‘அந்தக் குறியீடு வீட்டுச் சாவி போல, பாட்டி, பெற்ற பிள்ளை கேட்டாலும் செய்தியில் அனுப்பக்கூடாது’ என்றால் அவர் மறக்கமாட்டார். ‘ஓலை வந்தால் வேறோர் ஓலையோடு ஒப்பிடு’ என்றால் நெறி முழுவதும் ஒரு வரியில் அடங்கிவிடும். அவ்வாறு பேசிப் பழகிய வீட்டில், ஏமாந்த பின்னும் ‘இப்படி ஆகிவிட்டது’ என்று சொல்லும் துணிவு பிறக்கும். கேட்பவரும் கடிந்துகொள்ளாமல் வங்கியை அழைப்பார்.

நாட்டின் வாயிலில் காவல் வலுவாக இருக்கிறது. கைத்தொலைபேசியின் வாயிலில் நிற்கும் காவலர் நாமும் நம் வீட்டாருமே. இன்றிரவு உணவு வேளையில், ‘இன்று யாருக்கேனும் ஐயத்திற்குரிய செய்தி வந்ததா?’ என்று ஒருவரையொருவர் கேட்டுத் தொடங்குவோம்.